கல்யாண வாத்தியத்தில் கலந்தவர்கள்

பல்கேரியாவின் த்ரேஸ் சமவெளியில் கல்யாண வீடுகளில் வாசித்து வளர்ந்த சாக்ஸபோன் கலைஞர் யூரி யுனகோவ், 1994-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபின் நியூயார்க்கில் தம் பெயரிலேயே ஒரு குழுவை அமைத்தார். அதில் இருந்தவர்களை முதலிலேயே அறிமுகப்படுத்திவிடுகிறேன். யுனகோவ், பிறர் ஜிப்ஸி என்று அழைக்கும் ரோமா மக்களுள் துருக்கிய ரோமா சமூகத்தில் பிறந்தவர். இளமையில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். அக்கார்டியன் வாசித்த இவான் மிலெவ் பல்கேரியர். தர்புக்கா என்னும் கைமுழவு வாசித்த செய்டோ சாலிஃபோஸ்கி மாசிடோனிய ரோமா. கிளாரினெட் வாசித்த கேத்தரின் ஃபாஸ்டரும், கீபோர்டு வாசித்த லாரன் பிரோடியும், பாடிய கரோல் சில்வர்மனும் அமெரிக்கப் பெண்கள். சில்வர்மன் ஒரேகன் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியராக இருந்தவரும்கூட. இவர்கள் வாசித்தது பல்கேரியக் கல்யாண இசை. அதிலும் உலகின் மிக வேகமான, மிகச் சிக்கலான நடன இசைகளுள் ஒன்று என்று நான் உறுதியாக நம்பும் இசை.

இத்தகைய குழுவைக் கேட்பவர்கள், பல நாட்டவரும் வந்து சேரும் நியூயார்க்கில்தான் இது சாத்தியம் என்று சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பல்கேரியக் கல்யாண இசை தோன்றிய நாளிலிருந்தே அது கலந்தவர்களின் இசையாகவே இருந்தது. அதைக் கலப்பற்றதாக ஆக்க ஓர் அரசு முயன்ற காலம்தான் அதன் வரலாற்றில் விதிவிலக்கு. நியூயார்க்கில் நடந்தது புதுமை அல்ல, பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்பதையே இந்தப் பதிவில் சொல்ல முயல்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள, யுனகோவின் வாழ்வையே மாற்றிய இவோ பாபாசோவிடமிருந்து தொடங்க வேண்டும். 1952-இல் கர்ஜாலி நகரில் துருக்கிய ரோமா குடும்பமொன்றில் இப்ரியாம் என்ற பெயருடன் பிறந்த இந்தக் கிளாரினெட் மேதை, 1974-இல் 'த்ராக்கியா' என்ற குழுவைத் தொடங்கினார். நெஷ்கோ நெஷெவ் அக்கார்டியனும் சாலிஃப் அலி டிரம்ஸும் வாசித்த அந்தக் குழுவில் 1980-களின் தொடக்கத்தில் யுனகோவ் சாக்ஸபோனுடன் வந்து சேர்ந்தார். பல்கேரியாவின் கல்யாண வீட்டுக்காரர்களிடையே இந்தக் குழுவுக்கு இருந்த மதிப்பு அசாதாரணமானது. பாபாசோவ் என்றைக்கு வரமுடியும் என்று கேட்டுக்கொண்டு, அதற்கேற்பக் கல்யாண நாளைக் குறித்தவர்கள் இருந்தார்கள்.

கல்யாணம் என்பது அங்கே ஓரிரு மணி நேர நிகழ்ச்சி அன்று. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துவர ஊர்வலமாகப் போகும்போது ஓர் இசை, விருந்துப் பந்தியில் அமர்ந்திருப்பவர்களுக்கு நிதானமான நீண்ட பாடல்கள், பின்னர் இரவு நெடுநேரம் வரை கைகோத்து வட்டமாக ஆடும் 'ஹோரோ' நடனங்கள் என்று ஒன்றிரண்டு நாட்கள்கூட வாத்தியக்காரர்கள் ஓயாமல் வாசிக்க வேண்டியிருக்கும். பேசிய கூலி தனி. ஆடுபவர்கள் தாம் விரும்பும் பாட்டைக் கேட்டுக் கொடுக்கும் அன்பளிப்பு தனி. இன்று பல்கேரியக் கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணம், நாளை துருக்கியர் வீட்டுக் கல்யாணம், அடுத்து ரோமா வீட்டில் சுன்னத்துச் சடங்கு. ஆகவே எந்த வீட்டுக்கு எது உரியதோ அதைக் கேட்ட மாத்திரத்தில் வாசிக்கத் தெரியாதவனுக்கு அந்தத் தொழிலில் பிழைப்பு இல்லை. பல்கேரிய ஹோரோ, துருக்கியப் பாடல்கள், ரோமாக்களின் 'குச்செக்' நடனம், எல்லைக்கு அப்பாலிருந்து வானொலியில் வந்த செர்பிய, கிரேக்க மெட்டுகள் எல்லாம் ஒரே குழுவின் கையில் இருந்தன. இசை அங்கே கலந்ததற்கு முதற்காரணம் எந்த உயர்ந்த இலட்சியமும் அன்று. வீடுகள் வேறுபட்டிருந்தன, வாசிப்பவர் ஒருவரே.

வாத்தியங்களும் அப்படியே பல திசைகளிலிருந்து வந்தவை. பழைய கல்யாணங்களில், குறிப்பாகத் திறந்தவெளியில், 'சுர்னா'வும் 'தபான்' முழவும் ஒலித்தன. சுர்னா நம் நாகசுரத்தைப் போலவே இரட்டை நாணல் சீவாளி வைத்து ஊதும் குழல்; தபான் இருமுக முழவு, ஒரு முகத்தில் பருத்த கோலும் மறுமுகத்தில் மெல்லிய குச்சியும் விழும். அவற்றோடு 'கைடா' என்னும் தோற்பை வாத்தியமும், 'கவால்' என்னும் புல்லாங்குழலும் இருந்தன. கிளாரினெட்டும் அக்கார்டியனும் சாக்ஸபோனும் மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தன. டிரம்ஸ் செட் அமெரிக்க ஜாஸிலிருந்து வந்தது. ஆனால் புதிய வாத்தியங்களை எடுத்தவர்கள் பழைய வாத்தியங்களின் நாக்கை விட்டுவிடவில்லை.

கைடாவின் பையிலிருந்து காற்று இடைவிடாமல் வந்துகொண்டிருப்பதால், ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க வேண்டுமானால் நடுவே ஒலியை நிறுத்தவே முடியாது. அதனால் கைடா வாசிப்பவர்கள் அடுத்தடுத்து வரும் இரு சுரங்களுக்கிடையே கண நேரத்தில் மறையும் வேறொரு சுரத்தைத் தட்டிப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு கருவியின் இயலாமையிலிருந்து பிறந்த அந்த அணி, காலப்போக்கில் அந்த இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கிளாரினெட்டில் நாவை வைத்து ஒலியை நிறுத்த முடியும். அப்படியிருந்தும் பாபாசோவ் கைடாக்காரரைப் போலவே விரல்களால் சுரங்களைப் பிரித்தார். கிளாரினெட், சாக்ஸபோன், அக்கார்டியன் மூன்றும் ஒரே மெட்டை, ஒரே வேகத்தில், ஒவ்வொரு சிறு தட்டலும் ஒரே இடத்தில் விழும்படி சேர்ந்து வாசிக்கும்போது உண்டாகும் ஒலியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஒருவரையொருவர் பல ஆண்டுகள் கேட்டுப் பழகியவர்களால்தான் அதைச் செய்ய முடியும்.

தாளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மிருதங்கம் கற்றவன் என்ற முறையில் என்னை இந்த இசைக்குள் இழுத்துக்கொண்டது அதுதான். பல்கேரிய நடனங்களில் குட்டையான அடி, நெட்டையான அடி என்று இருவகை அடிகள் உண்டு. குட்டை இரண்டு மாத்திரை, நெட்டை மூன்று மாத்திரை. 'ரச்செனித்சா' நடனம் குட்டை, குட்டை, நெட்டை என்று ஏழில் நடக்கும். நம் சொற்கட்டில் சொன்னால் தக திமி தகிட. மாசிடோனியர்களின் 'லெஸ்னோத்தோ'வும் ஏழுதான், ஆனால் தகிட முன்னால் வரும். நம் கர்நாடக இசையின் மிச்ர சாபு தாளத்துக்கு அது நேர்ச்சோடி. ரச்செனித்சாவோ அதைத் திருப்பிப் போட்டுச் சியாமா சாஸ்திரிகள் கையாண்ட விலோம சாபுவின் நடையை நினைவூட்டுவது. 'பைதுஷ்கோ' ஐந்தில் அமைந்தது, தக தகிட. 'தாய்ச்சோவோ' ஒன்பதில், தக திமி தக தகிட. 'கோபனித்சா' பதினொன்றில், தக திமி தகிட தக திமி. 'புச்சிமிஷ்' பதினைந்து வரை போகும். ஹங்கேரிய இசைமேதை பேலா பார்த்தோக் இந்தத் தாளங்களில் மனம் பறிகொடுத்து, தம் பியானோப் பாடத் தொகுதியின் இறுதியில் பல்கேரியத் தாளத்தில் ஆறு நடனங்களை எழுதிச் சேர்த்தார்.

நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். ஆனால் கணக்குப் பிடிபடுவது வேறு, நடை பிடிபடுவது வேறு. கோபனித்சா ஆடும் கிராமத்து மூதாட்டி பதினொன்று வரை எண்ணுவதில்லை. அவருக்கு அது ஐந்து அடிகள். நடு அடி மட்டும் சற்று நீளும், அவ்வளவே. வேகமாக வாசிக்கப்படும் கோபனித்சாவில் வினாடிக்கு ஏழெட்டு மாத்திரைகள் கடந்துபோகும்போது எந்த மனமும் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. நீளும் அந்த அடி எவ்வளவு நீள வேண்டும் என்பதும் காகிதக் கணக்கில் அடங்காது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள், சாயங்காலத்துக்கும் நள்ளிரவுக்கும்கூட அது சற்றே மாறும். அதைக் காலால்தான் கற்க வேண்டும். பல்கேரியாவும் அதன் அண்டை நாடுகளும் அடங்கிய பால்கன் பகுதியின் இசையை வாசிக்க வந்த வெளியாட்களுள் நன்றாக வாசித்தவர்கள் பெரும்பாலும் முதலில் ஆடக் கற்றவர்களாக இருந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் டான் எல்லிஸ் என்ற ஜாஸ் கலைஞர் 1960-களில் ஹரிஹர் ராவிடம் இந்தியத் தாளங்களைக் கற்று, ஏழிலும் பதினொன்றிலும் அதற்கு மேலும் பெரிய வாத்தியக் குழுவை வாசிக்க வைத்தார். 1970-இல் பல்கேரியாவை விட்டு வெளியேறிய பிளோவ்டிவ் நகரத்துப் பியானோ கலைஞர் மில்ச்சோ லெவியெவ் அந்தக் குழுவில் சேர்ந்தபோது, இந்தியக் கணக்கைக் கற்ற அமெரிக்கர்களும் பல்கேரிய நடையில் பிறந்த ஒருவரும் ஒரே மேடையில் சந்தித்தார்கள். ஒருவர் எண்ணி வந்த இடத்துக்கு மற்றவர் ஆடி வந்து சேர்ந்தார்.

அன்றைய பல்கேரியக் கம்யூனிஸ்ட் அரசுக்குக் கல்யாண இசையின் இந்தக் கலப்புப் பிடிக்கவில்லை. நாட்டுப்புற இசையை அது புறக்கணித்தது என்று சொல்ல முடியாது. மாறாக, மிகுந்த செலவில் வளர்த்தது. 1951-இல் ஃபிலிப் குத்தெவ் தொடங்கிய அரசுக் குழு கிராமத்துப் பாடகிகளைத் தலைநகருக்கு அழைத்துவந்து, அவர்களின் குரல்களுக்குப் பல இழைகளில் இசையமைத்து, உலகமே வியந்த பாடற்குழு மரபை உருவாக்கியது. அந்தக் குரல்களை நானும் நேசிக்கிறேன். ஆனால் அரசு மேடையேற்றிய மரபில் துருக்கியருக்கும் ரோமாக்களுக்கும் இடம் இல்லை. பல்கேரியத் தூய்மையே அங்கு அளவுகோலாக இருந்தது.

1984-ஆம் ஆண்டின் இறுதியில் அது கொடுமையின் உச்சத்தை எட்டியது. பல்கேரியாவின் துருக்கியச் சிறுபான்மையினர் லட்சக்கணக்கில் தம் பெயர்களைக் கைவிட்டு ஸ்லாவியப் பெயர்களை ஏற்க வேண்டும் என்று காவல்துறையையும் இராணுவத்தையும் கொண்டு கட்டாயப்படுத்தப்பட்டனர். ரோமா முஸ்லிம்களுக்கும் இதே கதிதான். பொது இடத்தில் துருக்கி மொழி பேசுவதற்கு அபராதம் விதிக்கப்பட்டது. சுர்னா வாசிக்கக் கூடாது; குச்செக் ஆடவோ வாசிக்கவோ கூடாது. தடையை மீறி வாசித்ததற்காகப் பாபாசோவும் யுனகோவும் சிறைக்குச் சென்றிருக்கிறார்கள். கல்யாணத்தில் ஒருவர் எழுந்து குச்செக் கேட்கும்போது, வாசித்தால் காவலர், வாசிக்காவிட்டால் விருந்தினரின் வருத்தம் என்ற நிலையில் அந்தக் கலைஞர்கள் பல ஆண்டுகள் தொழில் செய்தார்கள். 1989 கோடையில் மட்டும் ஏறத்தாழ 3,60,000 பேர் எல்லையைக் கடந்து துருக்கிக்குச் சென்றனர். அதே ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி கம்யூனிஸ்ட் தலைவர் தோதோர் ஷிவ்கோவின் ஆட்சி முடிவுக்கு வந்தது.

இந்த அடக்குமுறையின் நடுவிலேயே கல்யாண இசை தன் பொற்காலத்தை அடைந்தது என்பதுதான் என்னை மீண்டும் மீண்டும் நெகிழ வைக்கும் செய்தி. ஹஸ்கோவோ வட்டாரத்தைச் சேர்ந்த ஸ்தம்போலோவோ கிராமத்தில் 1985 முதல் நடந்த கல்யாண வாத்தியக் குழுக்களின் விழாவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அங்கேயும் அரசின் நடுவர்கள் அமர்ந்து, எது பல்கேரியம், எது அன்று என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆனால் பல்கேரிய ஹோரோவை அந்நாட்டில் எவரைக் காட்டிலும் சிறப்பாக வாசித்தவர்கள் துருக்கிய ரோமாக்களே என்பதை அந்த மேடையில் யாராலும் மறைக்க முடியவில்லை. பல்கேரியர்கள் தம் வீட்டுக் கல்யாணத்துக்குத் த்ராக்கியாவை அழைப்பதை நிறுத்தவும் இல்லை. சட்டம் பிரித்ததைக் கல்யாணப் பந்தல் பிரிக்கவில்லை.

த்ராக்கியாவை மேற்குலகம் அறிந்தது ஜோ பாய்ட் என்ற தயாரிப்பாளர் வழியே. அவர் வெளியிட்ட இரு தொகுப்புகள், 1989-இலும் 1991-இலும், பாபாசோவை உலக மேடைக்குக் கொண்டுவந்தன. ஆனால் உள்நாட்டில் சோசலிச ஆட்சி போனபின் பொருளாதாரம் சரிந்தது. நூற்றுக்கணக்கானோரை அழைத்து நடத்தும் நீண்ட கல்யாணங்களுக்கு மக்களிடம் பணம் இல்லை. வாத்தியக்காரர்கள் வெளிநாடுகளுக்குச் செல்லத் தொடங்கினர். யுனகோவ் நியூயார்க்குக்கு வந்தது இந்தச் சூழ்நிலையில்தான்.

அங்கே அவருக்காகக் காத்திருந்தவர்கள் இரு வகையினர். முதல் வகையினர் அவரைப் போலவே குடிபெயர்ந்தவர்கள்: பிராங்ஸ் பகுதியின் பெல்மாண்ட்டில் குடியிருந்த மாசிடோனிய ரோமாக்கள், அவர்களைத் தவிர பல்கேரியர், துருக்கியர், ஆர்மீனியர், அல்பேனியர். இவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் யுனகோவின் சாக்ஸபோன் பல்கேரியாவில் செய்த அதே வேலையைச் செய்தது. வந்தவருக்கு வந்த பாட்டு. வேண்டியவருக்கு வேண்டிய தாளம்.

இரண்டாம் வகையினர், பால்கனோடு எந்த இரத்த உறவும் இல்லாத அமெரிக்கர்கள். 1950-களிலிருந்தே அமெரிக்கக் கல்லூரி வளாகங்களிலும் சமூகக் கூடங்களிலும் பல நாட்டு நடனங்களைக் கூடி ஆடும் வழக்கம் பரவியிருந்தது. அதில் பால்கன் நடனங்களுக்குத் தனி ஈர்ப்பு இருந்தது. மார்ட்டின் கேனிக்கும் எதெல் ரெய்மும் 1968-இல் நியூயார்க்கில் பால்கன் கலைகளுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு பல்கேரியாவுக்குப் போய், ரோடோப்பி மலைப் பாடகி வால்யா பல்கான்ஸ்காவின் பாடலைப் பதிவு செய்தார்கள். இரு கைடாக்கள் பின்னணியில் ஒலிக்கும் அந்தப் பாடல் 1977-இல் வாயேஜர் விண்கலங்களின் தங்க இசைத்தட்டில் ஏறி விண்வெளிக்குப் போயிற்று. கலிஃபோர்னியாவின் மென்டசீனோ காட்டுக்குள் ஆண்டுதோறும் கோடைமுகாம் நடக்கலாயிற்று. பால்கனிலிருந்து வந்த ஆசிரியர்கள் பகலில் வாத்தியமும் பாட்டும் நடனமும் சொல்லிக்கொடுக்க, இரவில் எல்லோரும் சேர்ந்து ஆடினார்கள். நியூயார்க்கில் 1983-இல் 'ஸ்லாத்னே உஸ்தே' என்ற ஊதுவாத்தியக் குழு உருவானது. அமெரிக்கர்கள் வாசித்த அந்தக் குழு, செர்பியாவில் 1961 முதல் நடக்கும் குச்சா எக்காள விழாவுக்கே சென்று வாசித்துவிட்டு வந்தது.

ஆகவே, சில்வர்மனும் பிரோடியும் ஃபாஸ்டரும் யுனகோவின் குழுவில் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர். யுனகோவ் வருவதற்கு முன்பே அவர்கள் அந்த இசையில் பல்லாண்டுகள் ஊறியிருந்தார்கள். பிரோடி, 1927 முதல் 1942 வரையிலான பழைய பல்கேரிய இசைத்தட்டுகளைத் தேடித் திரட்டி 1998-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டவர். பல்கேரியாவிலேயே மறக்கப்பட்டிருந்த பல குரல்கள் அதனால் மீண்டும் கேட்கக் கிடைத்தன. சில்வர்மன் பால்கன் ரோமாக்களின் இசையை ஆராய்வதற்கே தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கொடுத்தவர்.

இப்படிப்பட்ட குழுவில் யார் தகுதியானவர் என்பதை முடிவு செய்வது யார்? என் எண்ணத்தில் அது ஆடுபவர்களே. குச்செக் வாசிக்கும்போது அடித்தாளம் மாறாமல் ஓடிக்கொண்டேயிருக்க, அதன்மேல் சாக்ஸபோன் தாளத்தைப் பொருட்படுத்தாததுபோல் நீண்டு அலையும். நம் ஆலாபனையைப் போல ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, சட்டென்று தாளத்தின் முகப்பில் வந்து இறங்கும். பெரும்பாலும் அந்த மெட்டின் கீழ்ப்பாதி நம் மாயாமாளவகௌளையின் ச ரி க ம போலவே ஒலிக்கும். அந்த நேரத்தில் தர்புக்கா வாசிப்பவரும் கீபோர்டு வாசிப்பவரும் இம்மியும் பிசகாமல் நின்றால்தான் மேலே அலைபவர் துணிந்து அலைய முடியும். அவர்கள் பிசகினால் முதலில் தெரிவது வட்டத்தில் ஆடும் பெண்களின் தோள்களில். பெல்மாண்ட் கல்யாணத்தில் ஆடுபவர்களுக்கு வாசிப்பவரின் பாஸ்போர்ட் முக்கியமில்லை. தோள் நிற்கிறதா நடக்கிறதா என்பதே முக்கியம். இதைவிட நேர்மையான தேர்வை எந்த இசைக்கல்லூரியும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் பந்தலில் இருந்த சமத்துவம் பந்தலுக்கு வெளியே இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். ரோமாக்களின் இசையை விரும்புபவர்களுள் பலர் ரோமாக்களை விரும்புவதில்லை. 2009 ஆகஸ்டில் மடோனா புக்கரெஸ்டில் நிகழ்ச்சி நடத்தியபோது அவருடன் ரோமா இசைக்கலைஞர்கள் மேடையில் இருந்தார்கள். அவர்களின் வாசிப்பை ரசித்த அதே கூட்டம், கிழக்கு ஐரோப்பாவில் ரோமாக்கள் நடத்தப்படும் விதம் தமக்கு வருத்தம் தருகிறது என்று அவர் இரண்டொரு வாக்கியம் பேசியதும் ஊளையிட்டது. வாசிப்பவன் வேண்டும், அவன் பக்கத்து வீட்டில் குடியிருக்க வேண்டாம் என்ற மனநிலையை நம் ஊரில் கல்யாண வாத்தியமும் சாவு வாத்தியமும் வாசித்தவர்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பணம் போகும் திசையும் இதே போன்றதுதான். கிளப்புகளில் பால்கன் இசையை எலெக்ட்ரானிக் தாளத்தோடு சேர்த்து ஒலிக்கவிட்டு டி.ஜே.க்கள் பெயர் பெற்றார்கள்; அவர்கள் எடுத்தாண்ட எக்காளத்தை ஊதிய கிராமத்துக் கலைஞனின் பெயர் பல வேளைகளில் சுவரொட்டியில் இல்லை. சில்வர்மன் தம் 2012-ஆம் ஆண்டு நூலில் இந்த ஏற்றத்தாழ்வை விரிவாக ஆராய்கிறார். ரோமாக்களின் இசையைப் பாடும் ரோமா அல்லாத ஒருவராகத் தம் இடம் என்ன என்ற கேள்வியையும் அவர் ஒதுக்கிவிடவில்லை. யுனகோவின் குழு மற்ற பல கலப்புக் குழுக்களிலிருந்து எனக்கு வேறாகத் தெரிவது இதனால்தான். அதன் பெயர் யுனகோவின் பெயர். எப்படி வாசிக்க வேண்டும் என்பதைச் சொல்பவர் அவர். மற்றவர்கள் அவரிடம் வந்து சேர்ந்தவர்கள். அமெரிக்க அரசின் கலை நிறுவனம் மரபுக் கலைஞர்களுக்கு வழங்கும் மிக உயர்ந்த தேசிய விருது 2011-இல் அவருக்குக் கிடைத்தபோது, தன் சொந்த நாட்டில் வாசித்ததற்காகச் சிறை சென்ற ஒருவருக்கு அது கிடைத்ததை எண்ணி நான் மிகவும் மகிழ்ந்தேன்.

ரோமாக்களைப் பற்றிப் பேசினாலே இந்திய வாசகர்களிடம் எழும் ஓர் உற்சாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களின் மொழி இந்தோ-ஆரிய மொழி என்பதும், அவர்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதும் அறிஞர்கள் நிறுவியவை. 1976-இல் சண்டிகரில் நடந்த ரோமா விழாவில் மாசிடோனியாவின் ஸ்கோப்யே நகரத்துப் பாடகி எஸ்மா ரெஜெபோவாவுக்கு ரோமா பாடல்களின் அரசி என்ற பட்டம் சூட்டப்பட்டது. ஆனால் இதை வைத்துக்கொண்டு பால்கன் இசையே நம்முடையது என்று உரிமை கொண்டாடுவது முறையாகாது. குச்செக்கும் கோபனித்சாவும் பால்கன் மண்ணில், பால்கன் மக்களோடு சேர்ந்து உருவானவை. எஸ்மாவின் குழுவை அமைத்து நடத்திய அவருடைய கணவர் ஸ்தேவோ தியோதோசியெவ்ஸ்கி ரோமா அல்லர், மாசிடோனிய அக்கார்டியன் கலைஞர். ரோமாப் பெண்ணும் மாசிடோனிய ஆணும் மணம் செய்துகொள்வதை இரு பக்கத்தாரும் ஏற்காத காலத்தில் அவர்கள் இணைந்தார்கள்; நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்து, அவர்களுள் பலரை இசைக்கலைஞர்களாக ஆக்கினார்கள். பிறப்பால் வருவது இசை என்று சொல்பவர்களுக்கு அந்த வீடு போதுமான பதில்.

இளைய தலைமுறையில் நான் விரும்பிக் கேட்பது 'நியூயார்க் ஜிப்ஸி ஆல்-ஸ்டார்ஸ்' குழுவை. மாசிடோனியாவில் பிறந்து ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பயின்ற கிளாரினெட் கலைஞர் இஸ்மாயில் லுமானோவ்ஸ்கி, மடியில் வைத்து மீட்டும் பல தந்திகளுள்ள கானூனை வாசிக்கும் துருக்கியர் தாமர் பினார்பாஷி, பாஸ் கிட்டார் வாசிக்கும் கிரேக்கர் பனயோத்திஸ் ஆந்த்ரேயு, அமெரிக்கக் கீபோர்டு கலைஞர் ஜேசன் லிண்ட்னர், துருக்கிய டிரம்ஸ் கலைஞர் எங்கின் குனாய்தின். கிரேக்கமும் துருக்கியும் அரசியலில் எப்படி முறைத்துக்கொண்டாலும், இங்கே பாஸும் கானூனும் ஒரே ஒன்பது மாத்திரையில் நடக்கின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது சுருதிச் சிக்கலை அவர்கள் கையாளும் விதம். கானூனில் சிறு நெம்புகோல்களைத் தூக்கியும் தாழ்த்தியும் பியானோவின் அரைச்சுரத்துக்கு இடைப்பட்ட சுரங்களை எடுக்கலாம். கிளாரினெட்டும் உதட்டால் வளைந்துகொடுக்கும். கீபோர்டு வழக்கமான சுருதியில் அசையாது நிற்கும். ஆகவே கானூன் தனியே, நம் இராகம் போன்ற மக்காமின் நுண்சுரங்களில் உலவும்போது மற்றவர்கள் ஒதுங்கி இடம் விடுகிறார்கள். கூட்டாக வாசிக்கும்போது கானூன் இறங்கி வருகிறது. விட்டுக்கொடுப்பது இங்கே பண்பு மட்டும் அன்று, சுருதி சேர்வதற்கான தொழில்நுட்பமும்கூட.

கேட்கத் தொடங்க விரும்புபவர்கள் 1991-இல் ஜோ பாய்ட் வெளியிட்ட பாபாசோவ் தொகுப்பிலிருந்து தொடங்கலாம். அதன்பின் யுனகோவ் குழுவின் 1997-ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதில் வேகம் சற்றே குறைந்து, பாடலுக்கு இடம் கூடியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 2005-இல் பாபாசோவ், யுனகோவ், நெஷெவ், சாலிஃப் அலி நால்வரும் மீண்டும் ஒன்றுசேர்ந்து வெளியிட்ட தொகுப்பை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கோபனித்சா வரும்போது விரலால் பதினொன்று எண்ணாதீர்கள். எழுந்து நின்று ஐந்து அடி நடந்து பாருங்கள், மூன்றாவது அடியைச் சற்றே நீட்டி. சாலிஃப் அலியின் டிரம்ஸ் உங்களைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.